இருபது வயதில் முடி கொட்டினால்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் தோல் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் சண்டை எல்லாம் பேசி முடித்த பிறகு என்னை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். கிளம்பப் பார்ப்பவர்களும் கொஞ்சம் உட்காருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சுதான்.

முதலில் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடுவோம். "டேங்கர் தண்ணி வர ஆரம்பிச்சதிலிருந்து பையனுக்கு முடி கொட்டுது" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு செய்தி வரும். உப்புத் தண்ணீரில் குளித்தால் ஷாம்பு நுரைக்காது, முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது நடுவில் உடையும். ஆனால் முடி வளர்கிற வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. உப்புத் தண்ணீர் அங்கே போய் வழுக்கையை உண்டாக்குவதில்லை. அதே தண்ணீரில் குளிக்கிற அக்காவுக்கு இடுப்பு வரை கூந்தல், தம்பிக்கு மட்டும் நெற்றி ஏறுகிறது என்றால் தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாஃப்ட்னர் போடுவதானால் போடுங்கள், குழாய்க்கும் வாஷிங் மெஷினுக்கும் நல்லது. ஹெல்மெட்டும் இப்படித்தான், அதனால் வழுக்கை விழாது. முடிக்குப் பயந்து ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டு வண்டி எடுக்கும் பிள்ளையைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே இடத்தில் மறுபடி முளைக்கிறது. அதனால் நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீப்பில் வந்த முடியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். எண்ண எண்ணப் பயம்தான் கூடும்.

பிறகு எப்போது கவனிக்க வேண்டும்? டெங்கு, டைஃபாய்டு போன்ற காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். திடீரென்று பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தாலும் அப்படித்தான். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்று, முடி திரும்பி வளரும். நாணயம் வைத்த மாதிரி வட்டமாக ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தவறாகத் தாக்குகிறது. மற்றவருக்கு ஒட்டாது. தோல் புண்ணாகும் வரை வெங்காயத்தைத் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வகிடு அகலமாகிக்கொண்டே வந்தால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். கூடவே மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, பரு, முகத்தில் முடி என்றால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இழுத்துக் கட்டுகிற இறுக்கமான கொண்டையும் நெற்றியோரத்து முடியைத் தின்றுவிடும்.

ஆனால் பையன்களிடம் நாம் அதிகம் பார்ப்பது பரம்பரை வழுக்கை. இரண்டு நெற்றியோரமும் ஏறும், உச்சி மெலியும். பதினேழு, பதினெட்டு வயதிலேயே தொடங்கலாம். ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942-லேயே இதன் அடிப்படையைக் காட்டிவிட்டார். பருவமடையும் முன் விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுந்தது. அதாவது ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். ஹார்மோன் அளவு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த வேர்கள் அதற்கு அதிகமாக மசிகின்றன, அவ்வளவே. அம்மாவின் அப்பாவைப் போலத்தான் வரும் என்பதும் பாதி உண்மை. இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். ஆகவே சம்பந்தி வீட்டுச் சண்டைக்கு இதை இழுக்காதீர்கள்.

மருந்து உண்டா என்றால், உண்டு. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். தொடங்கிய சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் கொட்டும். அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே போய்விடும். பதினெட்டு வயதுக்குக் கீழே மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. இன்னொன்று, பூனை வளர்ப்பவர்கள் மிகவும் ஜாக்கிரதை. இந்த மருந்து பூனைக்கு விஷம். தலையணையில் ஒட்டியதை நக்கினால்கூட ஆபத்து.

ஃபினாஸ்டரைடு மாத்திரை இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறையும், மனச்சோர்வு வரும். இது தற்கொலை எண்ணத்தையும் தூண்டலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிசெய்தது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. நண்பன் சாப்பிடுகிறான் என்று ஆன்லைனில் ரகசியமாக வாங்குகிற பொருள் அல்ல இது. ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எல்லாக் கடையிலும் விற்கும் பயோட்டின் மாத்திரைக்கும் ஒரு வார்த்தை. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அதோடு தைராய்டு போன்ற இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அது தப்பாகக் காட்டவைக்கும்.

இருபது வயதில் முடி நடுவது பற்றியும் கேட்கிறார்கள். வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாத வயதில் முன்னால் மட்டும் நட்டால், பின்னால் முடி போய், முன்னால் நட்டது தனித் தீவாக நிற்கும். "இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி, மாதத் தவணையும் உண்டு" என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதில் அவசரம் என்று எதுவும் இல்லை.

இனி நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. என்னிடம் வரும் பிள்ளைகள் முடியைவிட மற்றவர் பேச்சைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். "என்ன தம்பி, இப்பவே மைதானம் ஆயிடுச்சே", "பொண்ணு கிடைக்குமா?" லிஃப்டில் நான்கு மாடி ஏறுவதற்குள் இதைக் கேட்டுவிடுகிறோம். நமக்கு அது நலம் விசாரிப்பு. அவனுக்கோ அன்றைக்கு அது ஐந்தாவது தடவை. பிறகு அவன் லிஃப்டை விட்டுப் படியில் ஏறுகிறான். மாலையில் கிரிக்கெட்டுக்கு இறங்குவதில்லை. கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான். தொப்பி இல்லாமல் பால் வாங்கக்கூடப் போவதில்லை.

பெற்றோரே, கவனிக்க வேண்டியது இதைத்தான். "முடிதானே, இதுக்குப் போய் அழுவாங்களா" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு அது வெறும் முடி இல்லை. தினம் ஒரு புது எண்ணெயும் கொண்டு வராதீர்கள். ஒருமுறை தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உள்ளே போகும்போது பேச்சை அவனிடம் விட்டுவிடுங்கள். மருந்து வேண்டாம், ஒட்ட வெட்டிக்கொள்கிறேன் என்று அவன் முடிவு செய்தால் அதுவும் சரியான முடிவுதான். என் தலையைப் பாருங்கள், சீப்புச் செலவு நின்று பல வருடம் ஆகிறது. தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, கல்லூரிக்குப் போவதில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் முடி வைத்தியம் காத்திருக்கட்டும். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

பின்வரிசையில் நிற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: இங்கே எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், கேள்வியைச் சீட்டில் எழுதி, பெயரும் ஃப்ளாட் எண்ணும் போடாமல், சங்க அலுவலகத்தின் ஆலோசனைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், ஒரு வருடத்துக்கு முன் எடுத்த போட்டோ ஒன்றையும், கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரை பற்றிய விவரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். டீ ஆறுகிறதாம், வாங்க.