எண்டாவ் ஆற்றின் ஜாக்குன் மக்கள்



குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் நெடுந்தூரம் நம் கண்ணில் படுவது செம்பனைத் தோட்டங்களே. மெர்சிங் என்றதும் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் துறைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் மெர்சிங் மாவட்டம் பெரியது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,800 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 80,000க்கும் குறைவு. கரையோரத்தில் பட்டணமும் மீனவர் கிராமங்களும் இருக்கின்றன. உள்ளே போகப் போகக் காடும் மலையும்தான்.

அங்கிருந்து வரும் எண்டாவ் ஆறு, சில இடங்களில் ஜொகூருக்கும் பகாங்குக்கும் எல்லையாக ஓடித் தென்சீனக் கடலில் கலக்கிறது. கஹாங்கிலிருந்து தோட்டத்து மண்சாலையில் 56 கிலோமீட்டர் போனால், அந்த ஆற்றங்கரையில் கம்போங் பெத்தா இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் ஜாக்குன் எனும் பூர்வகுடி மக்கள். பிரம்பும் காட்டுப் பொருள்களும் சேகரிப்பதும், மீன் பிடிப்பதும் அவர்களுடைய பழந்தொழில்கள்.

அவர்கள் பேச்சு மலாய் மொழிக்கு நெருங்கியது. ஆனால் முன்பு கற்பூர மரம் தேடிப் போகும்போது அந்தப் பேச்சையும் விட்டுவிடுவார்கள். வழக்கமான சொற்களைச் சொன்னால் மரத்துக்குரிய ஆவி கற்பூரத்தை மறைத்துவிடும் என்பது நம்பிக்கை. அதற்காகவே தனிச்சொற்கள் வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அவற்றைக் குறித்து வைத்தார்கள். இன்று நாம் ஏற்றும் சூடம் ஆலையில் செய்வது. அந்நாளில் பச்சைக் கற்பூரம் இத்தகைய காட்டு மரங்களின் வயிரத்திலிருந்துதான் கிடைத்தது. காடு போனால் தொழில் போகும். தொழிலோடு அதன் சொற்களும் போகும்.

காட்டுக்கு விலை உண்டா? தெற்கே கோத்தா திங்கி மாவட்டத்தில், லிங்கியூ அணைக்காக ஜாக்குன் மக்களின் காடு எடுக்கப்பட்டது. முதலில் பயிருக்கும் பழமரங்களுக்கும் மட்டுமே பணம் கொடுத்தார்கள். 52 பேர் வழக்குத் தொடுத்தார்கள். காட்டை நம்பிய பிழைப்பும் அவர்களுடைய உரிமையே என்றது நீதிமன்றம். 26.5 மில்லியன் வெள்ளி இழப்பீடு தரவேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

நம்மில் சிலர் இவர்களைச் 'சக்காய்' என்கிறோம். அது அடிமை என்று இழிவாகச் சொல்லும் சொல். 'கூலி' என்று பிறர் அழைத்தபோது நம் பெரியவர்கள் மனம் என்ன பாடுபட்டது என்பதை நாம் அறிவோம். ஆகவே, கடையிலோ பள்ளியிலோ இவர்களைச் சந்தித்தால் ஜாக்குன் என்றே சொல்வோம். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுப்போம்.