ஆயாவோட பொறையும் என்னோட மஞ்சள் கேப்சூலும்

இந்த வாரம் நான் சென்னையில இல்ல. செஞ்சியில எங்க ஆயா வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கங்க. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல இருக்கிற ஊர் இது, சத்தத்துக்குப் பஞ்சமே இல்ல.

வாசல்ல நின்னா ராஜகிரி தெரியும். சின்ன வயசுல அந்த மலைக்கு என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனதே ஆயாதான். மேல கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கு. நான் மூச்சு வாங்கி உக்காந்தா, "இன்னா கண்ணு, இதுக்கேவா?"ன்னு சிரிப்பாங்க. இப்போ ஆயாவுக்கு 74 வயசு. முட்டி வலி, பல வருஷமா சர்க்கரை. அடிவாரத்துலயே நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிடறாங்க. கேட்டா, "வயசானா அப்படித்தான்". அவ்வளவுதான் பதில்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கல. அதனால ஒரு வேலை பண்ணேன். அந்த வேலை தப்பாப் போச்சு, இன்னைக்கு எபிசோடே அதைப் பத்திதான்.

போன வருஷம் என் போன் முழுக்க "ஆன்டி இன்ஃப்ளமேட்டரி டயட்" ரீல்ஸ்தான். உடம்புல அழற்சியைக் குறைச்சா வலி போகும், சர்க்கரை போகும், மறதி வராதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நானும் ஆன்லைன்ல மஞ்சள் கேப்சூல் ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்தேன். "ஆயா, இனிமே சோறு கிடையாது. இட்லி கிடையாது. இதை மட்டும் போடு"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். படிச்ச பிள்ளை சொல்லுதேன்னு அவங்களும் அப்படியே செஞ்சாங்க.

அஞ்சாவது நாள் காலையில பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணாங்க. ஆயாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுது. நல்லவேளையா நினைவு இருந்தது. அக்கா உடனே சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் குடிக்க வெச்சு, ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க பாக்கும்போது, அந்தச் சர்க்கரைத் தண்ணிக்கு அப்புறமும், அளவு 58.

நான் போய்ச் சேர்ந்தப்ப டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சோத்தை நிறுத்தச் சொன்னீங்களே, மாத்திரையை யார்கிட்ட கேட்டீங்க?" ஆயா போடற மாத்திரை, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்யும். மாத்திரை அளவைக் குறைக்காம சோத்தை மட்டும் நிறுத்தினா, சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிடும். வயசானவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. கேப்சூலையும் டாக்டர் வாங்கி வெச்சுக்கிட்டார். அடர்த்தியான மஞ்சள் மாத்திரைகளால கல்லீரல் பாதிச்ச கேஸ்கள் பதிவாகியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்களுக்கும் அது ஆகாது.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அதுக்கப்புறம்தான் ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல அழற்சின்னா என்ன? கால்ல முள்ளு குத்தினா அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடும். உடம்போட படை வந்திருக்குன்னு அர்த்தம். வேலை முடிஞ்சதும் கலைஞ்சு போயிடும். அது நல்லது. பிரச்சனை, கலையாத படை. செஞ்சியில உக்காந்துட்டு இதுக்கு வேற உதாரணம் தேட வேணாம். 1690ல ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான், மராட்டிய ராஜாராமைப் பிடிக்க இந்தக் கோட்டையை முற்றுகை போட வந்தார். கோட்டை விழுந்தது 1698ல. கிட்டத்தட்ட எட்டு வருஷம். சண்டையே நடக்காத நாள்லகூட அந்தப் படைக்குச் சோறு வேணும், விறகு வேணும், மாட்டுக்குத் தீனி வேணும். சுத்தி இருக்கிற ஊர் என்ன ஆகும்? வயசான உடம்புல சத்தமில்லாம நடக்கிறது அதுதான். காய்ச்சல் இருக்காது, வீக்கம் இருக்காது. ஆனா ரத்தக்குழாய், தசை, மூளைன்னு கொஞ்சம் கொஞ்சமா தேயும். கிளாடியோ ஃப்ரான்செஸ்கின்னு ஒரு இத்தாலிய விஞ்ஞானி 2000ல இதுக்கு 'இன்ஃப்ளமேஜிங்'னு பேர் வெச்சார். முதுமையும் அழற்சியும் கலந்த ஒரு சொல்.

இதுல சாப்பாடு எங்க வருது? வயித்தைச் சுத்தி சேர்ற கொழுப்பு சும்மா கிடக்காது. இன்டர்லூகின் 6 மாதிரி அழற்சிச் சமிக்ஞைகளை அதுவே அனுப்பிட்டு இருக்கும். நார்ச்சத்து குறைஞ்சா குடல்ல இருக்கிற நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனி குறையும். எந்த உணவு இதை ஏத்துது, எது இறக்குதுன்னு கணக்கு போட, தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்துல ஒரு அளவுகோல் உருவாக்கினாங்க. 2014ல வந்த அதோட புது வடிவத்துல 45 அம்சங்கள் இருக்கு. மஞ்சள், பூண்டு, இஞ்சி, மிளகு, வெங்காயம், டீ எல்லாம் அந்தப் பட்டியல்ல நல்ல பக்கம் நிக்குது.

அதைப் பார்த்ததும் எனக்குக் குழப்பம். மஞ்சள், பூண்டு, மிளகு இல்லாம ஆயா குழம்பு வெச்சதே இல்லையே. அப்புறம் என்ன குறைச்சல்?

நாலு நாள் கூடவே இருந்து அவங்க சாப்பிடறதை ஒரு நோட்டுல எழுதினேன். காலையில டீ, மூணு பொறை. பத்து மணிக்கு ராத்திரி மிச்சமான சோறு. மத்தியானம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, மேல தண்ணியா ரசம். சாயங்காலம் டீ, பிஸ்கட், மிக்சர். ராத்திரி திரும்ப சோறு, இல்லன்னா டீயும் பொறையும். நாலு நாள்ல ஒரு தடவைகூட கீரை இல்ல. பருப்புன்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல. அந்த பிஸ்கட்டும் மிக்சரும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறீங்களா? நான்தான். மாசாமாசம் சென்னையிலேர்ந்து ஆர்டர் போட்டு அனுப்பறேன், பாசமா.

"ஏன் ஆயா, முன்னெல்லாம் மல்லாட்டை, மொச்சை, காராமணின்னு எவ்ளோ ஆக்குவே?"ன்னு கேட்டேன். (சென்னைப் பசங்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டைங்கிறது தேஞ்சு அப்படி ஆச்சு.) ஆயா வாயைத் திறந்து காட்டினாங்க. கடைவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் இல்ல. "எதைடா மெல்றது? உங்க தாத்தா போனதுக்கு அப்புறம் ஒருத்திக்குன்னு இன்னாத்த ஆக்கறது?"

அந்த நோட்டை மூடி வெச்சிட்டேன். பர்கர், பீட்சா, கூல்டிரிங்க்னு ரீல்ஸ்ல காட்டற அழற்சி உணவு எதுவும் இந்த வீட்டுல இல்ல. இங்க இருக்கிறது டீயும் பொறையும் வெள்ளைச் சோறும்தான். மெல்ல முடியாததுனால, கூட உக்காந்து சாப்பிட ஆள் இல்லாததுனால, மத்ததெல்லாம் ஒண்ணொண்ணாத் தட்டை விட்டுப் போயிடுச்சு.

இதுல ஆயா தனி ஆள் இல்ல. சென்னையில பெரியவங்ககிட்ட நடந்த ஒரு ஆய்வு 2009ல வெளியாச்சு. அவங்க சாப்பிடற மொத்தக் கலோரியில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியத்துலேர்ந்து, முக்கியமா வெள்ளை அரிசியிலேர்ந்து வருதுன்னு அதுல தெரிஞ்சது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல சொன்ன வரம்பு, தானியம் சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 45 சதவீதத்துக்குள்ள.

கிரேக்கத்துல வயசானவங்க 1,059 பேரை சராசரியா மூணு வருஷம் கவனிச்சு 2021ல ஒரு ஆய்வு வந்தது. அழற்சி மதிப்பெண் அதிகமான மூணுல ஒரு பங்கு ஆட்களுக்கு, குறைவான பங்கைவிட மறதிநோய் வர்ற வாய்ப்பு மூணு மடங்கு. ரெண்டு குழுவும் என்ன சாப்பிட்டாங்கங்கிறதுதான் எனக்குச் சுவாரசியம். நல்ல குழு வாரத்துக்குப் பருப்பு, பயறு வகை நாலு தடவை. மத்தவங்க ரெண்டு தடவை. காய் 19 தடவை, இவங்களுக்கு 10. அதிசய மூலிகை எதுவும் இல்ல. இது கவனிச்சுப் பார்த்த ஆய்வு மட்டும்தான், இதனாலதான் அது வந்துச்சுன்னு நிரூபிக்காது. அதை மறக்க வேணாம்.

இன்னொரு விஷயம், நான் முழுசாக் கோட்டை விட்டது: புரதம். அழற்சி தசையைத் தேய்க்கும், புரதம் குறைஞ்சா அது இன்னும் வேகமாகும். வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்குத் தினம் 1 கிராமாவது வேணும்னு முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்றாங்க (சிறுநீரகக் கோளாறு இருந்தா இந்தக் கணக்கு மாறும், டாக்டரைக் கேக்கணும்). ஆயா 52 கிலோ. அவங்க சாப்பிட்டது அதுல பாதி வருமாங்கிறதே சந்தேகம். நான் என்ன பண்ணேன்? இருந்த சாப்பாட்டையும் பிடுங்கினேன்.

இதுக்கு கீன்வாவோ ஆலிவ் ஆயிலோ தேவைப்படல. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபா. பக்கத்து வீட்டுல முருங்கை மரம் நிக்குது. சுத்தி இருக்கிறது மல்லாட்டை விளையற பூமி. டிஎம்வி ரகக் கடலையில 'டிஎம்வி'ன்னா திண்டிவனம், அங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தோட பேரு.

டாக்டர் மாத்திரையை மாத்திக் கொடுத்தார். சோறு நாலு கரண்டியிலேர்ந்து ரெண்டா ஆச்சு, ஒரேடியா இல்ல, மூணு மாசத்துல. கெட்டிப் பருப்புல முருங்கைக்கீரை. அவிச்ச மல்லாட்டையை மசிச்சு, இல்லன்னா அரைச்சுச் சட்னியா. தினம் ஒரு முட்டை. பல்செட் கட்டினோம், அதுக்குத்தான் செலவு அதிகமாச்சு. எல்லாத்தையும்விடப் பெரிய மாற்றம், மத்தியானச் சமையலைப் பக்கத்து வீட்டு அக்காவும் ஆயாவும் சேர்ந்து பண்றாங்க. ஒரு நாள் இங்க, ஒரு நாள் அங்க.

எட்டு மாசம் ஆச்சு. முட்டி வலி போகல, தேஞ்ச மூட்டு திரும்ப வளராதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். மூணு மாசச் சராசரி சர்க்கரை 8.9லேர்ந்து 7.6க்கு வந்திருக்கு. நாற்காலியிலேர்ந்து கையை ஊனாம எழுந்திருக்கறாங்க. இதை நான் கவனிக்கல, அக்காதான் சொன்னாங்க.

இன்னைக்குக் காலையில டீ கொடுக்கும்போது பார்த்தேன், ஆயா டம்ளர்ல ஒரு பொறை மிதக்குது. நான் பார்த்ததைப் பார்த்துட்டாங்க.

"மூணு இல்லடா, ஒண்ணுதான். இதையும் பிடுங்கிடாதே."

சரின்னு நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்.