தோற்றவர் குடியில் பிறந்த வரலாற்றாசிரியர்



பைசாந்தியப் பேரரசின் படைத்தலைவர்களுள் நிக்கெபோரஸ் பிரையென்னியோஸ் என்பவரை இன்று நாம் எடுத்துக்கொள்வது, அவர் பெற்ற வெற்றிகளுக்காக அன்று. தம் குடியின் தோல்வியைத் தாமே எழுத நேர்ந்தவர் அவர் என்பதற்காக.

1077இல் அவர் குடியின் மூத்தவர், அதே பெயருடையவர், அரியணை வேண்டிக் கிளர்ந்தெழுந்தார். (அம்மூத்தவர் இவருக்குத் தந்தையா, பாட்டனா என்பதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை.) மறு ஆண்டு கலாவ்ரியே களத்தில் அவரை முறியடித்தவர் இளந்தளபதி அலெக்சியஸ் கொம்னேனஸ். சிறைப்பட்டவரின் கண்களை அரசவையின் ஆட்கள் குருடாக்கினர். 1081இல் அலெக்சியஸ் பேரரசரானார். பின்னர்த் தம் மூத்த மகள் அன்னாவை இளைய பிரையென்னியோசுக்கே மணமுடித்துக் கொடுத்தார்.

மருமகன் உண்மையாக உழைத்தார். 1097இல் சிலுவைப் போர்ப்படையினர் கான்ஸ்டான்டிநோபிளை நெருக்கியபோது மதிற்காவலில் நின்றார். 1108இல் நார்மானியத் தலைவர் பொஹெமண்டைப் பேசி உடன்படிக்கைக்கு இணங்கவைத்தவரும் இவரே. 1118இல் பேரரசர் மறைந்ததும் கணவரை அரியணையேற்ற அன்னா முயன்றார், அவர் அசையவில்லை. அதனைக் கோழைமை என்பாரும் உளர். மைத்துனர் யோவானின் படையிலும் இறுதிவரை பணியாற்றியவரை அவ்வாறு கூற நமக்கு மனம் வரவில்லை.

மாமியாராகிய அரசி ஐரீனின் விருப்பப்படி அவர் அலெக்சியஸின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். ‘வரலாற்றுக்கான மூலப்பொருள்’ என்று அடக்கமாகவே பெயரிட்டார். பாட்டுடைத்தலைவர் மாமனார், அவர் வென்ற எதிரியோ தம் முன்னோர்! கலாவ்ரியே போரை விவரிக்கும் பகுதியை மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். மூத்தவரின் தோற்றத்தையும் துணிவையும் அவர் மனமாரப் போற்றுகிறார். அலெக்சியஸ், எதிரியின் அரசச் சேணம் பூட்டிய குதிரையைக் கைப்பற்றி, ‘பிரையென்னியோஸ் வீழ்ந்தார்’ என்று அறிவிக்கச் செய்த சூழ்ச்சியையும் மறைக்கவில்லை. மாமனாரைப் பழித்து ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், வென்றவரைப் புகழப் புகுந்த நூலில் தோற்றவரும் தலைநிமிர்ந்தே நிற்கிறார்.

நூல் முற்றுப்பெறவில்லை. சிரியப் படையெடுப்பில் நோயுற்றுத் தலைநகர் திரும்பிய ஆசிரியர் உயிர்நீத்தார். கதையோ அலெக்சியஸ் அரியணையேறுமுன்பே நின்றுவிட்டது. கணவர் விட்ட பணியை மேற்கொண்டே அன்னா ‘அலெக்சியாது’ எழுதினார். பிரையென்னியோஸ் நூலுக்குப் பிற்காலத்தில் எஞ்சியது ஒரே கையெழுத்துப்படி. 1661இல் பாரிசில் அது அச்சேறியது. அதன்பின் அப்படியும் தொலைந்துபோயிற்று. இன்று நாம் படிப்பது அந்த அச்சைத் தழுவிய பாடமே.