கலமும் கழுவும் கையும்



‘கலம்’ என்ற சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. உண்ணும் பாத்திரமும் கலம், கடலில் ஓடும் கப்பலும் கலம், அணியும் நகையும் கலம். கொட்டியாரக் குடாக் கரையிலே வாழும் சம்பூர் மக்களுக்கு முதலிரண்டும் நன்கு பழகியவை. இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது அடுக்களைக் கலம். அதிலும், சோறு நிறைந்திருக்கும் கலம் அல்ல. உண்டு முடிந்தபின் கிணற்றடிக்குப் போகும் கலம்.

நமது புலவர்கள் நிறைந்த கலத்தைப் பாடினார்கள். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியை நாம் அறிவோம். கழுவிய கலத்தைப் பற்றிய கதை ஒன்று பாரதத்திலே வருகிறது. பாஞ்சாலி உண்டு முடித்து, அட்சய பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் துருவாசர் சீடர் கூட்டத்தோடு வந்துவிடுகிறார். கண்ணன் பாத்திரத்தை வாங்கிப் பார்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கீரைத் துணுக்கை எடுத்து உண்ண, முனிவர் கூட்டத்தின் பசி அடங்குகிறது. நாம் கண்ணனின் அருளை வியக்கிறோம். ஆனால் அரசியாக இருந்தவள் காட்டிலே தன் கையால் பாத்திரம் துலக்கினாள் என்ற செய்தியும் அந்தக் கதைக்குள்ளே இருக்கிறது. அதை யாரும் நின்று கவனிப்பதில்லை. கழுவும் வேலையின் இயல்பு அது. செய்தால் தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும்.

இந்த வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க முயன்றவர்களுள் முதன்மையானவரும் ஒரு பெண்ணே. 1850இல் ஜோயல் ஹோட்டன் என்ற அமெரிக்கர் கையால் சுழற்றும் மரப்பொறி ஒன்றுக்கு உரிமம் பெற்றார். அது சரியாகப் பயன்படவில்லை. இலினோய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரிலிருந்த ஜோசபின் கொக்ரேன் அம்மையாருக்கு வேறொரு கவலை இருந்தது. அவருடைய நல்ல பீங்கான்கள் கழுவும்போது விளிம்பு உடைந்தன. 1883இல் கணவர் கடனை விட்டுவிட்டு இறந்துபோக, கவலை பிழைப்பாகவே மாறியது. ஜோர்ஜ் பட்டர்ஸ் என்ற பொறிவினைஞரின் துணையோடு, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் அவர் வேலையைத் தொடங்கினார். பீங்கான்களின் அளவெடுத்துக் கம்பிக் கூடைகள் செய்தார். செப்புக் கொதிகலனுக்குள் ஒரு சக்கரத்தைக் கிடையாக வைத்து, அதில் கூடைகளைப் பொருத்தினார். சவர்க்காரம் கலந்த சுடுநீர் கீழிருந்து பீறிட்டது. தேய்ப்பதை விட்டு, நீரின் வேகத்தால் கழுவும் முறை அது. 1886 டிசம்பர் 28ஆம் திகதி உரிமம் கிடைத்தது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவரது பொறிகள் வேலை செய்தன. அதே ஆண்டு, அதே நகரிலேதான் விவேகானந்தர் சர்வமத மகாசபையிலே உரையாற்றினார் என்பதை நேயர்கள் நினைவுகொள்ளலாம்.

ஆனால் வாங்கியவர்கள் ஹோட்டல்காரர்களே. வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பொறி பெரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. அதற்கு வேண்டிய சுடுநீரும் பல வீடுகளில் இல்லை. 1913இல் அம்மையார் காலமானார். 1926இல் ஹோபார்ட் நிறுவனம் அவரது தொழிலை வாங்கியது. 1949இல் கிச்சன் எய்ட் என்ற பெயரில் வீட்டுப் பொறி வெளிவந்தது. ஒரு பெண் கண்ட பொறி சாதாரண வீட்டுப் பெண்ணிடம் வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கிறது.

இன்று அமெரிக்காவிலே அந்தப் பழைய வீட்டுப் பொறிகளைத் தேடிச் சேர்த்துத் திருத்துவோர் இருக்கிறார்கள். இறுகிப்போன இறப்பர் வளையத்தை மாற்றுவார்கள். துருப்பிடித்த கம்பித் தட்டுக்குப் புதிய பூச்சுப் பூசுவார்கள். சூடேற்றும் கம்பியில் படிந்த சுண்ணாம்பைக் கரைப்பார்கள். நின்றுபோன நேரங்காட்டியை ஓட வைப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்துக் கழுவுதூளில் பொசுபேற்று நிறைய இருந்தது. அது நீர்நிலைகளில் பாசியைப் பெருக்கியதால் 2010இல் அமெரிக்க மாநிலங்கள் பல அதனைக் கட்டுப்படுத்தின. ஆகவே, பழைய பொறிக்குப் புதிய தூள் எவ்வாறு பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியிலே மினுக்கி வைத்தால் போதாது. தண்ணீர் விட்டு, அழுக்குப் பீங்கானை அடுக்கி, அது கழுவிக் காட்டவேண்டும். அப்போதுதான் திருத்தியதாகக் கணக்கு. இந்த நோக்கு நமக்கு வேண்டியது என்றே நான் கருதுகிறேன்.

பாத்திரங்களைச் சேர்ப்போர் நமக்கு அருகிலும் உண்டு. அகமதாபாத்தில் சுரேந்திர பட்டேல் என்பவர், பழைய பித்தளைப் பாத்திரங்கள் உருக்கப்படுவதைக் கண்டு மனம் வருந்தி, 1981இல் ‘விசார்’ என்ற பாத்திர அருங்காட்சியகத்தை அமைத்தார். 4,000க்கு மேற்பட்ட பாத்திரங்கள் அங்கே உள்ளன. பெரும் பணிதான். எனினும் பாத்திரத்தை மட்டும் சேர்த்தால் அதனோடு பழகிய கையின் அறிவு சேர்ந்துவிடுமா?

புளியும் சாம்பலும் பொச்சும் கொண்டு பித்தளையைத் துலக்குவது ஓர் அறிவு. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது, சாம்பலின் காரம் எண்ணெய்ப் பசையை எடுக்கிறது. புளிக்கறியைப் பித்தளையில் வைத்தால் கைக்கும் என்பதற்காக உள்ளே ஈயம் பூசினார்கள். பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சினால் ஒரே வீச்சில் பரப்புவார். எவர்சில்வரும் அலுமினியமும் வந்தபின் அவருக்கு வேலையில்லாமற் போயிற்று. அவரோடு அந்தக் கைத்திறனும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது.

சம்பூரில் இந்த இழப்பு இரட்டிப்பானது. 2006ஆம் ஆண்டுப் போரிலே மக்கள் ஊரைவிட்டு எழும்பினார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களிலே ஆண்டுகள் கழிந்தன. 2015இலும் 2016இலும் காணிகள் விடுபட்ட பின்னரே திரும்பிவர முடிந்தது. வீடே இல்லாமற்போன வளவிலே கிடாரத்தையும் மூக்குப்பேணியையும் எங்கே தேடுவது? சீதனமாக வந்து, விளிம்பிலே பெயர் வெட்டிய செம்பு ஒன்று தொலைந்தால், தொலைந்தது செம்பு மட்டுமல்ல, ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடமாகவும் அது இருந்திருக்கலாம்.

பாத்திரத்தை மீட்க முடியாத இடத்திலும் அதன் அறிவை மீட்கலாம். நம் மாணவர்கள் வீட்டிலுள்ள அம்மம்மாவிடமும் அப்பாச்சியிடமும் போய்ச் சில கேள்விகள் கேட்கட்டும். எந்தப் பாத்திரத்துக்கு என்ன பெயர்? எதில் எது சமைத்தீர்கள்? எதனால் துலக்கினீர்கள்? யாருடைய பெயர் வெட்டியிருந்தது? விடைகளை ஒரு கொப்பியிலே எழுதி வைக்கட்டும். எஞ்சிய பாத்திரம் இருந்தால் துலக்கி எடுத்து, ஒரு நாளாவது அதில் பொங்கட்டும். பெயர் வெட்டிய இடத்தை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். எழுத்து மழுங்கிவிடும்.

பொங்கி முடிந்ததும் அந்தப் பாத்திரத்தைக் கழுவுவது யார் என்ற கேள்வியும் வரும். அந்த முறை ஆண்பிள்ளைகள் கழுவட்டும். கையிலே கரி பட்டால்தான் பாத்திரத்தின் வரலாறு முழுதாக விளங்கும்.