கோழித்தீனில் அமினோவமிலங்கள்
(கமக்காரர்களுக்கு நிகழ்த்தப்பட்ட பேச்சு)



நெல்லும் காய்கறியும் செய்கைபண்ணும் வீடுகளிற் பத்துப் பதினைந்து கோழிகளேனும் வளர்ப்பது நம் நாட்டு வழக்கம். உங்களிற் சிலர் ஐம்பது, நூறு என முட்டைக்கோழிகளை வளர்த்து, போகத்துக்குப் போகம் கிடைக்கும் வருவாயோடு நாள்தோறும் முட்டை வருவாயையும் பெறுகின்றீர்கள். கோழி வளர்ப்பின் செலவில் நூற்றுக்கு 60 தொடக்கம் 70 வரையான பங்கு தீனுக்கே செல்கிறது. 2022ஆம் ஆண்டிற் சோளமும் பிற தீன்பொருள்களும் அரிதாகி விலையேறியமையையும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டமையையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

தீன்விலை ஏறும்போது பலர் செய்வது யாது? கடையில் வாங்கிய முட்டைக்கோழித் தீனுடன் ஆலைத் தவிட்டைப் பாதிக்குப் பாதி கலந்துவிடுகின்றனர். அல்லது தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் மாத்திரம் இடுகின்றனர். கோழிகள் வயிறு நிறையத் தின்னும். முட்டையோ நாளுக்கு நாள் குறையும். செலவு மிச்சம் என்று எண்ணியது நட்டமாய் முடியும். இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது நமக்குப் பெரிதும் பயன்படும்.

முட்டை பெரும்பாலும் நீரும் புரதமும் கொழுப்புமாகும். புரதமோ ஏறத்தாழ இருபது வகை அமினோவமிலங்களால் ஆனது. அவற்றுட் சிலவற்றைக் கோழி தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும், ஏனையவற்றை ஆக்கமாட்டாது. அவை தீனிலிருந்தே கிடைத்தல் வேண்டும். நாம் இடும் தீன்களில் முதலிற் குறைவுபடுவன இலைசீன், மெதியோனீன் என்னும் இரண்டுமே.

உங்கள் வயலை எண்ணிப் பாருங்கள். வரம்பு எவ்வளவு உயரமாயினும், ஓரிடத்தில் அது தாழ்ந்திருந்தால் நீர் அத்தாழ்வின் மட்டத்துக்கே நிற்கும். மற்ற இடங்களில் மண்ணை அணைத்து உயர்த்துவதாற் பயனில்லை. அமினோவமிலங்களும் அத்தகையனவே. எது மிகக் குறைவோ அதுவே முட்டையின் எண்ணிக்கையை வரையறுக்கும். மிஞ்சிய ஏனையவற்றின் நைதரசன் எச்சத்தோடு கழிந்து, கோழிக்கூட்டில் மூக்கைத் துளைக்கும் அமோனியா நாற்றமாக மாறும்.

கணக்கொன்று பார்ப்போம். நன்கு முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 100 கிராம் தீனும், அதனுள் 15 கிராம் புரதமும், 0.7 கிராம் இலைசீனும், 0.3 கிராமுக்குக் குறையாத மெதியோனீனும் வேண்டும். 60 கிராம் தவிடும் 40 கிராம் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்ந்த கலவையில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் உண்டு. புரதக் கணக்கிற் குறையில்லை. ஆயின் இலைசீனோ ஏறத்தாழ 0.55 கிராமே. வரம்பு தாழ்ந்த இடம் இதுவாகும். மேலும் புண்ணாக்கைக் கூட்டினாலும் இத்தாழ்வு நீங்காது.

இதனை நீக்க வழிகள் இரண்டு. முதலாவது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்படி தீன்பொருள்களைச் சேர்த்தல். சோயா அவரையில் இலைசீன் மிகுதி; மெதியோனீன் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனீன் மிகுதி, இலைசீன் குறைவு. நல்ல மீன்தூளில் இரண்டும் உண்டு. மேற்கூறிய கலவையில் 10 கிராம் தவிட்டுக்குப் பதிலாக வறுத்து அரைத்த சோயாவை இட்டால், இலைசீன் 0.7 கிராமை எட்டும். சோயாவைப் பச்சையாக இடலாகாது. அதிலுள்ள ஒரு பொருள் புரதம் சமிப்பதைத் தடுக்கும். கருகவும் விடலாகாது, கருகினால் இலைசீன் கெடும்.

இரண்டாவது, ஆலைகளில் ஆக்கப்பெற்ற அமினோவமிலங்களைச் சேர்த்தல். இலைசீன், சீனிப்பாகு போன்றவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச்செய்து பெறப்படுவது; இம்முறை 1950களின் இறுதியில் யப்பானில் உருவாயிற்று. மெதியோனீன் பெரும்பாலும் இரசாயன முறையால் ஆக்கப்படுகிறது. சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு என்பன சேர்ந்த தீனில் இலைசீன் பெரும்பாலும் போதியதாயிருக்கும். 100 கிலோவுக்கு ஏறத்தாழ 100 கிராம் மெதியோனீன் சேர்த்தாற் போதும். சோயாவும் மீன்தூளும் இல்லாத தீனுக்கு ஏறத்தாழ 200 கிராம் இலைசீனும் வேண்டியிருக்கும். இத்தூளை நேரே குவியலிற் கொட்டாதீர்கள். முதலில் ஒரு கிலோ தவிட்டுடனும், பின்னர் 10 கிலோ தீனுடனும், இறுதியில் முழுக்குவியலுடனும் கலந்து புரட்டுங்கள்.

கடையில் வாங்கும் முழுத்தீனில் இவையெல்லாம் முன்னரே அளவாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அதற்கு மேலும் இடுவது வீண். தவிட்டைச் சரிபாதி கலந்தாலோ இவை குறைவதோடு, முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் ஏறத்தாழ அரைவாசியாகும்.

மாடுகளுக்கும் எருமைகளுக்கும் இவற்றை வாங்கி இடலாமா என்று சிலர் வினவுகின்றனர். வேண்டாம். அசைபோடும் கால்நடைகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய அமினோவமிலங்களைத் தாமே ஆக்குகின்றன; பின்னர் அவையே மாட்டுக்கு உணவாகின்றன. நாம் இடும் வெறுந்தூளையும் அவை பெரும்பாலும் சிதைத்துவிடும். அப்பணத்தைச் செலவிடாது, வைக்கோலுடன் வேலியிலுள்ள கிளிரிசீடியா இலையை வெட்டிப் போடுங்கள். அதுவே நற்பயன் தரும்.

ஆகவே நண்பர்களே, கோழிகள் முட்டையிடுவது குறைந்தால், தீனைக் கூட்டுமுன் தீனில் எது குறைவென்று பாருங்கள். நீங்கள் இடும் பொருள்களையும் அவற்றின் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் காட்டி ஆலோசனை பெறுங்கள். தாழ்ந்த வரம்பை மாத்திரம் உயர்த்துங்கள். உங்கள் பணமும் மிஞ்சும், முட்டையும் பெருகும்.