ஜூன் 1-க்கு முன்னாடி மாட்டின மீன்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஏஐ கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது. மீன் பிடிக்கப் போன கதை. அந்த ஒரு நாள்ல நாங்க ஒரு மீனுக்கும் ஒரு பையனுக்கும் அநியாயம் பண்ணோம். ரெண்டுமே எங்களுக்கு ஒரு காலண்டர் புரியாததால நடந்தது. அந்தக் காலண்டரைப் பத்திதான் பேசப் போறேன்.

அட்லாண்டாவுல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்களைக் கேளுங்க, பீச்சுன்னா முதல்ல வர்ற பேர் டெஸ்டின். ஃப்ளோரிடாவோட வடமேற்கு மூலை, மெக்சிகோ வளைகுடாக் கரை. சர்க்கரை மாதிரி வெள்ளை மணல், பச்சைத் தண்ணி. கார்ல அஞ்சாறு மணி நேரம். பாதிப் பேருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், அது அடிப்படையில ஒரு மீன்பிடி ஊர். 'உலகத்திலேயே அதிர்ஷ்டமான மீன்பிடி கிராமம்'னுதான் அந்த ஊர் தன்னைச் சொல்லிக்குது. காரணம் இருக்கு. ஃப்ளோரிடாவோட வளைகுடாக் கரையில பல இடங்களை விட இங்க ஆழ்கடல் கரைக்குக் கிட்ட. அதனால ஹார்பர் முழுக்க சார்ட்டர் படகுங்க. படகு, கேப்டன், தூண்டில், இரை எல்லாம் சேர்த்து மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்துக்கலாம்.

நாங்க ஆறு பேர் போனோம். மே மாசம் மூணாவது வாரம். ஏன் சரியா ஆறுன்னா, சின்ன சார்ட்டர் படகு ஓட்டுற கேப்டனோட லைசென்ஸ் ஆறு பயணி வரைக்கும்தான். அங்க அதுக்குப் பேரே 'சிக்ஸ் பேக்'. ஆறு மணி நேரத்துக்கு 1,500 டாலர், தலைக்கு 250. காலையில ஆறு மணிக்கு வரச் சொன்னாங்க. டெஸ்டின் நேரம் அட்லாண்டாவுக்கு ஒரு மணி நேரம் பின்னாடின்னு மறந்துட்டு, கார் கடிகாரத்தை நம்பி அஞ்சு மணிக்கே போய் இருட்டுல நின்னோம். அப்பவே ஒரு பையன் படகுல ஐஸ் கொட்டிட்டு இருந்தான். டெக்ஹேண்ட். நம்ம பஸ் கிளீனர் மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா வேலை பத்து மடங்கு. இரை மாட்டுறது, சிக்கல் எடுக்கிறது, வாந்தி எடுக்கிறவனைப் பிடிச்சுக்கிறது, கடைசியா மீனைச் சுத்தம் பண்ணித் துண்டு போட்டுக் கொடுக்கிறது, எல்லாம் அவன்தான். இருபது வயசு இருக்கும்.

பாலத்துக்கு அடியில கிழக்கு முகத்துவாரம் தாண்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடி, நூறு அடி ஆழத்துல நிறுத்தினாங்க. தூண்டில் அடியைத் தொட்டதும் இழுக்குது. சின்னச் சின்னச் சிவப்பு மீன். டெஸ்டின்காரங்க 'மிங்கோ'ன்னு சொல்றாங்க. அது ஐஸ் பெட்டிக்குப் போச்சு. அடுத்து என் ரூம்மேட்டோட ராடு வில்லா வளைஞ்சுது. மேல வந்தது ரெட் ஸ்னாப்பர். நம்ம மார்க்கெட்டுல சங்கரான்னு சொல்லி விக்கிற ஜாடைதான், ஆனா கை நீளத்துக்கு. எல்லாரும் ஒரே சத்தம்.

பையன் அமைதியா சொன்னான்: "ஜூன் ஒண்ணு வரைக்கும் இதை வெச்சுக்க முடியாது."

எங்களுக்குப் புரியல. காசு கொடுத்தாச்சு, மீன் மாட்டியாச்சு, அப்புறம் என்ன? அவன் ஒரு கிளிப் மாதிரி ஒண்ணை மீன் வாயில மாட்டி, எடை கட்டி, கயித்துல கீழ இறக்கினான். அடியில போனதும் கிளிப் தானா விட்டுடுச்சு. அப்படி நாலஞ்சு மீன். அஞ்சாவதோ ஆறாவதோ வந்ததுதான் பெருசு. ரூம்மேட் அதைக் கட்டிப்பிடிச்சு நிக்கிறான், நான் போட்டோ எடுக்கிறேன். "இன்னொண்ணு. வெயில் பக்கம் திரும்பு. வீடியோ எடுக்கவா?" பையன் ரெண்டு தடவை "சீக்கிரம்"னான். அவன் இன்னொருத்தனோட சிக்கலை எடுக்கத் திரும்பின நேரம், ரூம்மேட் மீனை அப்படியே கடல்ல போட்டான். அது கீழ போகல. மல்லாந்து மிதந்துச்சு. வாய்க்கு வெளிய ஒரு பலூன் மாதிரி வயிறு துருத்திட்டு இருந்துச்சு. பின்னாடியே சுத்திட்டு இருந்த டால்பின் வந்து எடுத்துட்டுப் போச்சு. நாங்க அதையும் வீடியோ எடுத்தோம்.

கரைக்கு வந்ததும் டிப்ஸ் பேச்சு வந்தது. "பெரிய மீன் ஒண்ணையும் கொடுக்கலையே"ன்னு ஒருத்தன் சொன்னான். தலைக்கு பத்து டாலர் போட்டு 60 டாலர் கொடுத்தோம். பையன் எண்ணிப் பார்க்கல, "தேங்க்யூ"ன்னு சொல்லிட்டு மேசையைக் கழுவப் போயிட்டான்.

அன்னைக்கு ராத்திரி ரூம்ல உட்கார்ந்து கடுப்புலதான் தேட ஆரம்பிச்சேன். இந்த ஜூன் 1 எங்கிருந்து வந்துச்சு?

முதல்ல, டெஸ்டின்ல 'சீசன்'ங்கிற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு, மீன் வர்ற சீசன். வசந்த காலத்துல கோபியா, நம்ம கடல் விரால், கரையோரமா நீந்திப் போகும். வெயில் ஏற ஏற கிங் மேக்கரல் வரும், நம்ம வஞ்சரத்தோட பங்காளி. இது இயற்கை போடுற தேதி. இன்னொண்ணு, பிடிச்சதை வெச்சுக்க அனுமதி இருக்கிற சீசன். இது சட்டம் போடுற தேதி. ரெட் ஸ்னாப்பர் வருஷம் பூரா அதே பாறையிலதான் இருக்கும். மே 20-ஆம் தேதியும் இருக்கும், ஜூன் 1-ஆம் தேதியும் இருக்கும். மாறுறது நம்ம அனுமதி மட்டும்தான்.

இந்த மீன் அம்பது வயசு தாண்டியும் வாழும். மெதுவா பெருகுற இனம். நிறையப் பிடிச்சாங்க, குட்டி மீன்கள் இறால் வலையிலயும் அள்ளிட்டுப் போச்சு, அதனால கூட்டம் படுத்துடுச்சு. கட்டுப்பாடு வந்துச்சு. ஒரு நாளைக்கு தலைக்கு ரெண்டு மீன், குறைஞ்சது 16 அங்குலம். வருஷத்துக்கு இவ்வளவு எடைதான்னு ஒரு ஒதுக்கீடு. அதுல 51 சதவீதம் வியாபார மீனவர்களுக்கு, 49 சதவீதம் பொழுதுபோக்கா பிடிக்கிறவங்களுக்கு. டெவலப்பர் பாஷையில சொன்னா ரேட் லிமிட். கோட்டா தீர்ந்தா கதவு மூடிடும்.

இனிமேதான் விசித்திரம். கட்டுப்பாடு வேலை செஞ்சுது. மீன் பெருகுச்சு, ஒவ்வொண்ணும் பெருசாச்சு. ஆனா ஒதுக்கீடு எண்ணிக்கையில இல்ல, எடையில இருக்கு. மீன் பெருசாகப் பெருசாக, சுலபமா மாட்ட மாட்ட, அதே கோட்டா சீக்கிரம் தீருது. மாநிலங்களும் தங்களோட கடல் எல்லைக்குள்ள தனியா நாட்களை நீட்டினாங்க, அதுவும் இதே கணக்குல கழிஞ்சுது. 1990-கள் நடுவுல கிட்டத்தட்ட வருஷம் முழுக்க இருந்த சீசன், 2014-ல மத்திய அரசோட கடல் பகுதியில வெறும் 9 நாள். கடல்ல மீன் கூடுது, நாள் குறையுது! சொந்தப் படகு வெச்சிருக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

2015-ல சார்ட்டர் படகுகளையும் சொந்தப் படகுகளையும் தனித்தனி கணக்கா பிரிச்சாங்க. சார்ட்டருக்கு 44 நாள், சொந்தப் படகுக்கு 10. ஏன் இந்த வித்தியாசம்? சார்ட்டர் பர்மிட் இத்தனைதான்னு எண்ணிக்கை தெரியும். சொந்தப் படகுல எத்தனை பேர் போறாங்க, எவ்வளவு பிடிக்கிறாங்கன்னு அந்தத் துல்லியத்துல தெரியாது. தபால்ல சர்வே அனுப்பி, படகுத்துறையில ஆள் நிறுத்திக் கேட்டு, மதிப்பிடணும். சரியா அளக்க முடியாத இடத்துல பாதுகாப்புக்காகக் கதவைச் சீக்கிரம் மூடுறாங்க. நாமளும் சர்வர்ல அதைத்தான பண்றோம்.

2017-ல சார்ட்டருக்கு 49 நாள். சொந்தப் படகுக்கு எவ்வளவு தெரியுமா? 3 நாள். மூணே மூணு நாள். பெரிய சண்டை. அமெரிக்க வணிகத் துறை நடுவுல வந்து இன்னும் 39 நாள் கொடுத்துச்சு. அதை எதிர்த்து சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டாங்க. அடுத்த வருஷத்துல இருந்து சொந்தப் படகுகளோட நாட்களை அந்தந்த மாநிலமே முடிவு பண்ற ஏற்பாடு வந்துச்சு. சரி, மீன் எத்தனைதான் இருக்குன்னு விஞ்ஞானிகள் தனியா ஒரு பெரிய கணக்கெடுப்பும் நடத்தினாங்க. வளைகுடாவுல சுமார் 11 கோடி ரெட் ஸ்னாப்பர்னு 2021-ல முடிவு வந்துச்சு. முன்னாடி நினைச்சதைப் போலக் கிட்டத்தட்ட மூணு மடங்கு.

அப்போ சட்டமே தப்பு, எங்க கோபம் நியாயம்னு நினைக்கத் தோணுது இல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அந்த பலூன் ஞாபகம் வந்துச்சு.

நூறு அடி ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறதைப் போல நாலு மடங்கு. மீனுக்குள்ள ஒரு காற்றுப்பை இருக்கு. சரசரன்னு மேல இழுத்தா அந்தக் காத்து நாலு மடங்கா விரியும், வயித்தை வாய் வழியா வெளிய தள்ளும். அந்த நிலையில மீனால நீந்திக் கீழ போக முடியாது. பையன் மாட்டின கிளிப் அதுக்குத்தான். ஆழத்துக்குக் கொண்டுபோனா காத்து மறுபடி சுருங்கும், மீன் பிழைக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கருவியோ, காத்தை எடுக்கிற ஊசியோ படகுல தயாரா இருக்கணும்னு 2022 ஜனவரியில சட்டமே வந்துச்சு.

அதாவது 'விட்டுட்டோம்'னா 'காப்பாத்திட்டோம்'னு அர்த்தம் இல்ல. நம்ம தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் தெரியும் இல்லையா? அதுல விசைப்படகே கடலுக்குப் போகாது. அங்க அப்படி இல்ல. படகு போகும், தூண்டில் போடலாம், ஒரு இனத்தை மட்டும் வெச்சுக்கக் கூடாது. தூண்டில் முள்ளுக்கு எது மிங்கோ, எது ரெட் ஸ்னாப்பர்னு தெரியாதே. மாட்டினதைப் பிழைக்க வைக்கிற வேலை படகுல இருக்கிறவன் தலையில விழுது. ஜூன் 1-க்கு முன்னாடி அந்தப் பையனுக்கு வேலை குறைச்சல்னு நாங்க நினைச்சோம். உண்மையில ஜாஸ்தி. பிடிச்ச ஒவ்வொரு மீனையும் திரும்ப அனுப்பணும். அந்த ஒரு மீனை அவன் காப்பாத்தியிருப்பான். என் போட்டோவுக்காக அது செத்துச்சு.

இப்போ டிப்ஸ். அங்க வழக்கம், படகு வாடகையில 15-லிருந்து 20 சதவீதம். எங்க கணக்குல 225-லிருந்து 300 டாலர். பல படகுகள்ல டெக்ஹேண்டோட வருமானத்துல பெரும்பங்கே அதுதான். நாங்க கொடுத்தது 4 சதவீதம். அரசாங்கம் வெச்ச தேதிக்கு அந்தப் பையன்கிட்ட அபராதம் வாங்கியிருக்கோம்.

இதெல்லாம் தெரிஞ்சும் உடனே எதுவும் பண்ணல, வெக்கமா இருந்துச்சு. அக்டோபர்ல டெஸ்டின்ல மாசம் பூரா மீன்பிடிப் போட்டி நடக்கும், 1948-லிருந்து நடக்குது. அந்தப் போஸ்டர் ஃபோன்ல வந்தப்போதான் கேப்டனுக்கு மெசேஜ் போட்டேன். மே மாசம் வந்த ஆறு பேர்ல ஒருத்தன், டெக்ஹேண்டுக்கு டிப்ஸ் பாக்கி இருக்குன்னு. மத்த அஞ்சு பேர்கிட்டயும் வசூல் பண்ணி, 240 டாலர் அனுப்பினேன். கேப்டன்கிட்டயிருந்து ஒரே ஒரு கட்டைவிரல் எமோஜி வந்துச்சு. பையனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்னு நம்புறேன்.

நீங்க போறதா இருந்தா நாலு விஷயம். புக் பண்றதுக்கு முன்னாடி, "இந்தத் தேதியில எதை வெச்சுக்கலாம், எதை விடணும்?"னு கேளுங்க. வருஷா வருஷம் தேதி மாறும், பழைய வீடியோவை நம்பாதீங்க. சார்ட்டர்ல போனா உங்களுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், படகோட லைசென்ஸே போதும். டிப்ஸை வாடகையோட சேர்த்தே பட்ஜெட்ல போடுங்க, மீன் கிடைக்கிறதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. விட வேண்டிய மீன்னா ஒரே ஒரு போட்டோ, அதுவும் டெக்ஹேண்ட் சரின்னு சொன்னா மட்டும்.

அந்தப் போட்டோ இன்னும் என் ஃபோன்ல இருக்கு. லைக்ஸும் நிறைய வந்துச்சு. இன்ஸ்டாவுல இருந்து எடுத்துட்டேன், ஃபோன்ல வெச்சிருக்கேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது பாக்கி இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.