ஈவுத் தொகையும் இல்லத்துச் செலவும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கரும்பு விவசாயிக்குப் பங்கு என்னும் சொல் புதிதன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் பங்குப் பணம் கட்டி உறுப்பினரானவர்கள் இங்கே பலர். ஆனால் அந்தப் பங்கைச் சந்தையில் கொண்டுபோய் விற்க இயலாது. அண்மைக் காலமாக இவ்வூர்களில் வேறொரு பங்கைப் பற்றிய பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் டிவிடெண்டு என்னும் ஈவுத் தொகை வந்துகொண்டேயிருக்கும், உட்கார்ந்த இடத்திலேயே குடும்பம் நடத்தலாம் என்கிறார்கள்.

சங்கராபுரத்துக்கு அருகில் உள்ள என் நண்பர் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். நிலத்தில் ஒரு பகுதியை விற்றதில் 30 லட்ச ரூபாய் அவர் கையில் இருந்தது. "இதை முழுவதும் பங்குகளில் போட்டால் மாதம் 20,000 ரூபாய் வருமா, ஐயா?" என்று என்னைக் கேட்டார். அவரும் அவருடைய மனைவியும் இனி உண்ணவேண்டிய சோறு அந்தக் கேள்வியில் இருந்தது. ஆகவே நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டுதான் விடை கூறினேன்.

நாட்டின் பெரிய கம்பெனிகள் ஐம்பதைச் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி குறியீட்டை எடுத்துக்கொள்வோம். அண்மை ஆண்டுகளில் அப்பங்குகளின் சந்தை விலைக்கு அவை தந்த ஈவு, சராசரியாக நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. நூற்றுக்கு 1.30 என்று வைத்தால், 30 லட்சத்துக்கு ஆண்டு வரவு 39,000 ரூபாய், மாதம் 3,250. தேடிப் பிடித்து நூற்றுக்கு நான்கு தரும் பங்குகளையே வாங்கினாலும் மாதம் 10,000தான். நண்பர் முகம் வாடிவிட்டது. "கம்பெனிக்காரர்கள் 500 சதவிகிதம் டிவிடெண்டு என்று பத்திரிகையில் போடுகிறார்களே!" என்றார்.

இந்தச் சதவிகிதத்தில்தான் பலர் மயங்கிவிடுகிறார்கள். அது பங்கின் முகமதிப்பின்மேல் சொல்லப்படுவது. முகமதிப்பு 2 ரூபாய் என்றால் 500 சதவிகிதம் என்பது 10 ரூபாய். அதே பங்கை நாம் சந்தையில் 1,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் நமக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்று. இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. ஒரு கம்பெனி நலிந்து அதன் பங்கு விலை பாதியாகச் சரிந்தால், சென்ற ஆண்டு தந்த ஈவு இன்றைய விலைக்கு இருமடங்கு விகிதமாகத் தோன்றும். வரும் ஆண்டில் அந்த ஈவே இல்லாமற் போகலாம்.

ஏனெனில் ஈவு என்பது வட்டியன்று. வட்டி, வாங்கியவன் கொடுத்தே தீரவேண்டிய கடன். ஈவோ லாபத்தில் ஒரு பகுதி. ஆண்டின் இறுதி ஈவு, இயக்குநர்கள் பரிந்துரைத்து, ஆண்டுப் பொதுக்கூட்டம் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணைக்கு வருகிறது. அணையில் 46 அடி வரை நீர் தேக்கலாம். வந்த நீரையெல்லாம் வந்தவுடன் வாய்க்காலில் விட்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? கம்பெனி தன் லாபத்தில் எவ்வளவைப் பங்கிட்டுக் கொடுக்கிறது, எவ்வளவைத் தொழிலுக்கு நிறுத்திக்கொள்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். லாபத்தை மிஞ்சி ஈவு தரும் கம்பெனியின் பக்கம் நான் போவதில்லை.

நல்ல கம்பெனியானாலும் வேறு தடைகள் வரலாம். 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், 2019-20ஆம் ஆண்டு லாபத்திலிருந்து பாங்குகள் மேற்கொண்டு ஈவு வழங்கலாகாது என்று ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. லாபம் ஈட்டிய பாங்கும் கொடுக்க இயலவில்லை. பாங்குப் பங்குகளை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துக் குடிமக்கள் சாமையும் விதைக்கிறார்கள், மரவள்ளியும் நடுகிறார்கள், புளியும் கடுக்காயும் சேகரிக்கிறார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று இருக்கும் என்ற அவர்களுடைய ஏற்பாடு பங்கு வாங்குவோருக்கும் பொருந்தும்.

இன்னொன்று: ஈவு மாதச் சம்பளம் போல வருவதன்று. பெரும்பாலான கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டம் ஜூலை முதல் செப்டம்பர் வரையில் நடக்கிறது; பணமும் அதையொட்டியே வரும். வெட்டிய கரும்புக்குக் கிடைத்த பணத்தை ஆண்டு முழுவதற்கும் பிரித்துச் செலவு செய்யும் இல்லத்தரசிகளுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

நண்பருக்கு நான் சொன்ன வழி இது. அறுபது வயதைக் கடந்தோருக்குத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு. 2023 ஏப்ரலில் அதன் உச்ச வரம்பு 30 லட்சமாகவும் வட்டி நூற்றுக்கு 8.20 ஆகவும் உயர்த்தப்பட்டன. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மாதக் கணக்கில் 20,500 ரூபாய் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். அவர் கேட்ட தொகை அப்படியே இருக்கிறது! ஆயினும் அந்த வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது; அரிசி விலையோ மாறும். நல்ல கம்பெனியின் ஈவு காலப்போக்கில் வளரக்கூடியது. ஆகவே 22 லட்சத்தைத் தபால் நிலையத்தில் இட்டு, எட்டு லட்சத்துக்கு மட்டும், அதுவும் மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக, பல தொழில்களைச் சேர்ந்த பங்குகளை வாங்கச் சொன்னேன். தபால் நிலையத்திலிருந்து மாதம் 15,000 ரூபாய்க் கணக்கு உறுதி. எஞ்சிய 5,000த்துக்கு வீட்டுச் செலவைச் சுருக்குவதா, பங்குகளின் ஈவை எடுத்துக்கொள்வதா என்பதை அவரும் அவர் மனைவியும் கலந்து முடிவு செய்யவேண்டும். ஈவைத் தொடாமல் மேலும் பங்கு வாங்கினால்தான் பின்னாளில் வரவு பெருகும்.

வரியையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஈவுத் தொகை, பெறுபவருடைய வருமானத்தோடு சேர்த்தே வரிக்கு உட்படுகிறது.

கடைசியாக, நியமனதாரர் பெயரையும் பாங்குக் கணக்கு எண்ணையும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஏழு ஆண்டுகள் எவரும் கேட்டுப் பெறாத ஈவு, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகிறது. தொடர்ந்து ஏழாண்டு கேட்பாரில்லாவிட்டால் பங்குகளும் அங்கேயே மாற்றப்படுகின்றன. மனு செய்து மீட்கலாம். ஆனால் அதற்குக் கணவர் எந்தெந்தப் பங்கு வாங்கினார் என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நண்பர் அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அதில் எழுதும் பொறுப்பை அவருடைய மனைவி ஏற்றுக்கொண்டார்.